ஓட்டையிலிருந்து தொடங்கும் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் புவி புறச்செயல்முறைகள் பாடம் நடத்தும்போது, வானிலைச் சிதைவு வேறு, அரிப்பு வேறு என்று புரியவைப்பதற்குள் ஒரு பாடவேளை ஓடிவிடும். முன்னது பாறையை இருந்த இடத்திலேயே உடைக்கிறது. பின்னது உடைந்ததை அகற்றிக்கொண்டு போகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் காட்ட நான் திருமலைச் சிலாதோரணத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளில் திருப்பதி போகாதவர்கள் குறைவு. தோரணத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

அலிபிரியிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். கோடை விடுமுறையில் விடியற்காலையில் ஏறினேன். கோயிலிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர் போனால் தோரணம். அகலம் ஏறத்தாழ 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். வேலிக்கு இப்பால் நின்றுதான் பார்க்கலாம். படம் எடுத்துவந்து வகுப்பில் காட்டி, “வளைவைப் பார்க்காதீங்க, ஓட்டையைப் பாருங்க. அங்கே முன்னாடி என்ன இருந்தது?” என்றேன்.

“காத்து குடைஞ்சிருக்கும் சார்” என்றான் ஒருவன். பெரும்பாலான பிள்ளைகள் இதைத்தான் சொல்வார்கள். “பெருமாள் கால் வெச்ச இடம்னு பாட்டி சொன்னாங்க” என்றாள் ஒரு மாணவி. அதை நான் மறுக்கவில்லை, யாரும் சிரிக்கவும் விடவில்லை. கல்லுக்கு இந்த வடிவம் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்தேன்.

மூன்று சாக்பீஸ் பெட்டிகளை ஒட்டி ஒட்டி நிறுத்தி, மேலே ஓர் அடிஸ்கேலை வைத்தோம். நடுப்பெட்டியை மெதுவாக உருவினால் ஸ்கேல் நிற்கிறது. ஸ்கேலுக்குப் பதில் சாக்பீஸ் துண்டுகளை அடுக்கி மறுபடி உருவினால் நடுவிலிருப்பவை விழுகின்றன. விரிசல் நிறைந்த அடுக்கு தாங்காது, விரிசல் குறைந்த அடுக்கு தாங்கும் என்பதை இதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரிசலில் இறங்கும் மழைநீர், பகல் வெயில், இரவுக் குளிர், வேர் எல்லாம் பாறையைத் தளர்த்துகின்றன. தளர்ந்த துண்டுகள் விழ, ஓடும் நீர் கொண்டுபோகிறது. காற்றின் பங்கு சிறியதே.

தோரணம் குவார்ட்சைட் பாறை. மணல் படிந்து இறுகியது. வயது சுமார் 150 கோடி ஆண்டுகள். வயது பாறைக்குத்தான், ஓட்டைக்கு அல்ல. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவார்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துள்ளது.

“அப்போ இதுவும் ஒருநாள் விழுமா சார்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. விழும் என்றேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவிலிருந்த ‘வால் ஆர்ச்’ 2008 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவில் இடிந்தது. பாட்டியின் கதையைச் சொன்ன பெண் நோட்டில் தோரணத்தை வரைந்து, முதலில் எங்கே உடையும் என்று ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தாள். விரிசல் இருக்கும் பக்கத்தில்தான் போட்டிருந்தாள்.