நிலமும் பொழுதும்: நெய்வேலியும் நிலம் அளக்கும் புதுக்கலையும்

முகவுரை

தொல்காப்பியனார் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, அவற்றுள் முதற்பொருளாவது நிலமும் பொழுதுமே என வகுத்தார். அந்நிலத்துத் தோன்றும் மரம், விலங்கு, புள், தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரது உள்ளத்தொழுக்கம் உரிப்பொருள். தமிழ் பயிலும் மாணவராகிய நாம் இதனைத் தேர்வின்பொருட்டு மனனஞ் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுதல் வழக்கம். ஆயினும், இந்நாளிற் புவியிடத் தொழில்நுட்பம் என வழங்கும் புதுக்கலையை அறியப் புகுந்த எமக்கு அப்பழைய பகுப்பே கைவிளக்காயிற்று. அக்கலையின் இக்காலப் போக்குகளையும், நெய்வேலி நிலத்தை முன்னிட்டு அவற்றின் பயனையும் குறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கலையின் இயல்பும் தோற்றமும்

ஒரு பொருள் யாது என்பதனோடு, அஃது எவ்விடத்துளது, எப்பொழுது உளதாயிற்று என்பனவற்றையும் சேர்த்து ஆராய்வதே இக்கலை. ஆறு ஒரு படலம், சாலை ஒரு படலம், வயல் ஒரு படலம், நிலத்தடி நீர் ஒரு படலம் எனக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். கண்ணாடித் தாள்களை அடுக்கி ஒளியிற் பிடித்தாற்போல அனைத்தும் ஒருங்கே தோன்றும். எந்த வயலின்கீழ் எவ்வளவு நீர், எந்தச் சாலை எந்த ஓடையைக் கடக்கின்றது என்பன ஒரு நொடியில் விளங்கும்.

இக்கலைக்கு நம் நாட்டில் அடியிட்டது தமிழ் மண்ணே. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் என்பார், சென்னைப் பரங்கிமலையருகே, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இமயம்வரை சென்ற முக்கோண அளவைக்கு அக்கோடே அடிப்படை. 1808-இல் அரை டன் எடையுள்ள அவரது தியோடலைட்டுக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றுங்கால் கயிறு அறுந்து கருவி சிதைந்தது. அவர் மனந்தளராது தாமே அதனைச் செப்பனிட்டு மேற்சென்றார். அன்று கோயில் உச்சியும் குன்றின் முடியும் ஆற்றிய தொண்டினை இன்று செயற்கைக்கோள்கள் ஆற்றுகின்றன.

இக்காலப் போக்கு மூன்று

முதலாவது, நுட்பம். நம் கைப்பேசி காட்டும் இடத்திற் சில மீட்டர் பிழையுண்டு. இந்திய சர்வே துறை நாடெங்கும் நிலையான நிலையங்களை நிறுவி, அப்பிழையை உடனுக்குடன் திருத்தும் குறிப்புக்களை அனுப்புகின்றது. அதனாற் பிழை சில சென்டிமீட்டராகச் சுருங்கும். 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், டிரோன் என்னும் ஆளில்லா வானூர்திகள் சிற்றூர்க் குடியிருப்புக்களைப் படமெடுத்தன. ஒருமுழ வரப்பிற்காகத் தலைமுறைதோறும் வழக்காடும் குடும்பங்களை அறிந்தோர்க்கு இந்நுட்பத்தின் அருமை கூறவேண்டுவதின்று.

இரண்டாவது, பொழுது. ஒருமுறை எடுத்த படம் நிலத்தை மட்டுமே காட்டும்; மீண்டும் மீண்டும் எடுத்த படமே மாற்றத்தைக் காட்டும். அமெரிக்கர் 1972-இல் லேண்ட்சாட் முதற்கோளை ஏவினர். நம்மவரது ஐ.ஆர்.எஸ். முதற்கோள் 1988 மார்ச்சு 17-இல் விண் சென்றது. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பட்ட நிசார் என்னும் இந்திய அமெரிக்கக் கூட்டுக்கோள், இருளாலும் முகிலாலும் தடைப்படாத ராடார் அலைகளால், 12 நாளுக்கொருமுறை அதே நிலத்தை நோக்கவல்லது. நிலம் சென்டிமீட்டர் அளவு தாழினும் உயரினும் அஃது அறியும்.

மூன்றாவது, திறப்பு. நிலப்படம் வரைதல் நெடுங்காலம் அரசின் இசைவுக்குட்பட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் வந்த புதுநெறிகள் இந்திய நிறுவனங்கட்கு அத்தடையைப் பெரிதும் நீக்கின. 2022 அக்டோபரில் ஐக்கிய நாடுகளின் உலகப் புவியிடத் தகவற் பேரவை ஐதராபாத்திற் கூடியது. அவ்வாண்டு டிசம்பரில் நம் தேசியக் கொள்கை வெளிவந்தது. இத்துறையின் தொழில் மாநாடுகளில் இனி எழவேண்டிய வினா, திறந்த கதவின்வழி யார் யார் உள்ளே வருவர் என்பதே.

நெய்வேலி நிலம்

நிற்க. இவ்வினாவை உரைத்துப் பார்த்தற்கு நெய்வேலியினும் தக்க கல் இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரது நிலத்திற் கிணறு தோண்டியபோது கரிய துகள் வெளிப்பட்டமை பலரும் அறிந்தது. 1956-இல் சுரங்க நிறுவனம் அமைந்தது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இற் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குப் புலனாயிற்று. அக்கரியின்கீழ் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு மேல்நோக்கி உந்துகின்றது. இரவு பகலாக நீரை இறைத்தாலன்றிச் சுரங்கம் நில்லாது. மேல்மண்ணை அகழ்ந்து மலைபோற் குவிக்கின்றனர். பரவனாறும் வழி மாறுகின்றது. இவ்வாறு நிலமே இடம்பெயரும் ஊரில், குவியலின் சரிவையும், நீர்மட்டத்தின் தாழ்வையும், மண்ணின் அமிழ்வையும் அளக்கும் கலை உயிர்காக்கும் கலையேயாம்.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் குறித்தல் வேண்டும். சுரங்கத்தின்பொருட்டு ஊரை விட்டுப் பெயர்ந்த முதியவர் ஒருவர்க்கு யாம் செயற்கைக்கோட் படத்தைக் காட்டினோம். “எங்கள் ஏரி எங்கே, தம்பி?” என வினவினார். படத்திற் பெரும்பள்ளம் ஒன்றே இருந்தது. லேண்ட்சாட் எழுந்தது 1972-இல். அவ்வேரியோ அதற்கு முன்பே மறைந்தது. ஆகலின் லேண்ட்சாட் எடுத்த எப்படத்திலும் அஃது இராது. பின்னர் நூலகத்திலிருந்த பழைய சர்வே தாளொன்றைத் தேடி, கணிப்பொறியிற் புதுப்படத்தின்மேற் பொருத்தினோம். பள்ளத்தின் நடுவே நீல நிறத்தில் ஏரி தோன்றிற்று. கரையில் ஊரின் பெயர் தோன்றிற்று. பெரியவர் அந்நீலத்தின்மேல் விரலை வைத்தார், நெடுநேரம் எடுத்திலர். நிலமும் பொழுதும் கூடியவிடத்தே உரிப்பொருள் பிறத்தலை யாம் நூலிற் படித்ததுண்டு. அன்றுதான் கண்ணாற் கண்டோம்.

உரிப்பொருட் படலம்

2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்கெனப் பயிர் நின்ற வயலினூடே மண்வெட்டும் பொறிகள் சென்றன. நிலம் முன்னரே எடுக்கப்பட்டது என்றது ஒருபக்கம். பயிர் எம்முடையது என்றது மறுபக்கம். எல்லைக்கோட்டுப் படலம் ஒன்றே எல்லா வழக்கையும் தீர்த்துவிடாது என்பதற்கு இது சான்று. திருமறையில், ஆகாப் மன்னன் விலையும் வேறு நல்ல தோட்டமும் தருவதாகக் கூறியும் நாபோத்து தன் தோட்டத்தைக் கொடுக்க இசைந்திலன். தந்தையர் வழிவந்த உரிமைக்கு விலைப்பட்டியல் இல்லை. நெய்வேலி மின்னொளியில் அமர்ந்து படிக்கும் நாம் இதனை யாரையும் பழித்தற்குக் கூறவில்லை. கணக்கில் விடுபட்டதொன்றை நினைப்பூட்டவே கூறினோம்.

முடிவுரை

இக்கலை முதற்பொருளை நன்கு அளக்கின்றது; கருப்பொருளையும் ஒருவாறு எண்ணுகின்றது; உரிப்பொருளை மட்டும் அறியாது. அதனை அறிவிக்கும் கடமை நமக்குரியது. நிலம் எடுத்தற்கு முன்னர், அதற்கெனத் தீட்டிய படங்களைக் கிராம சபையில் தெளிந்த தமிழில் விரித்துக் காட்டல் வேண்டும். ஏரி, ஓடை, மேடு, களம் என்பவற்றின் ஊர்வழக்குப் பெயர்களை முதியோர்வாய்க் கேட்டுப் படத்திற் பதித்தல் வேண்டும். பின்னையதற்குப் பெரும்பொருளோ விண்கோளோ வேண்டா. விடுமுறையிற் சொந்த ஊர் செல்லும் தமிழ் மாணவர் ஒருவர், ஒரு குறிப்பேடு, கேட்கும் பொறுமை ஆகிய இவையே போதும். பெயரறிந்த பெரியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகலின் இவ்விடுமுறையிலேயே தொடங்குவோமாக.