பிள்ளைப்பேற்றுக்கு வரும் பறவைகள்

கேள்வி: மைசூருக்கு வருகிறோம். ஊர்க்காரர்களே காக்கும் நீர்ப்பறவை இடம் பக்கத்தில் உண்டா?

பதில்: மத்தூர் வட்டத்துக் கொக்கரே பெள்ளூருக்குப் போங்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு வாசல் புளியமரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பக்கத்து ஏரிகளிலும் ஷிம்ஷா ஆற்றிலும் மீன் பிடித்துவந்து குஞ்சுகளுக்கு ஊட்டும். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த மகள்களாகவே ஊர் அவற்றைப் பார்க்கிறது; எச்சம் வயலுக்கு உரமாகிறது. கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்து, மீன் கொடுத்து வளர்ப்பவர்களும் உண்டு. எனக்கு இதுதான் பெரிது. 2007இல் இவ்வூர் சமுதாயக் காப்பகமானது. ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தில் படகு, இங்கே தெருத்தெருவாக நடை. பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். உள்ளூர்க்காரர் ஒருவரோடு நடங்கள். மரத்தடியில் தயவுசெய்து கைதட்டாதீர்கள்.