ஊர்ப் பொதுக் காற்றாலையும் வீட்டு மின் சிக்கனமும்

கிணற்றில் ஊற்று எவ்வளவு பெருகினும், வாய்க்காலில் உடைப்பிருந்தால் கடைமடை வாடும். மின்சாரத்திற்கும் இது பொருந்தும். தெருவிளக்கும் குடிநீர் இறைப்பும் ஊராட்சி வருவாயில் பெரும் பகுதியை விழுங்கும் ஊர்கள் பல.

கோயம்புத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இச்செலவைக் குறைக்க முனைந்தது. முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி, அதைக்கொண்டு குடிநீர் இறைத்தது. பின்னர் 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையொன்றை ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாய்க்கு வாங்கிற்று. இதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது பாங்கிக் கடன்.

அக்காற்றாலை ஓடந்துறையில் நிறுவப்படவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாயும் உடுமலைப்பேட்டைப் பகுதியில் நிறுவப்பட்டது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆதலின் சொந்த ஊர் என்னும் அபிமானத்தைக் காட்டிலும் இடத்தேர்வே முக்கியம்.

ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 6¾ லட்சம் யூனிட் என்றும், ஊராட்சியின் தேவை 4½ லட்சம் என்றும் கணக்கிடப்பட்டது. எஞ்சும் 2¼ லட்சம் யூனிட்டை மின்வாரியத்திற்கு விற்றுக் கடனை அடைப்பது ஏற்பாடு. பகலில் அணைக்காத தெருவிளக்கும், நிரம்பி வழியும் நீர்த்தொட்டியும் இவ்வுபரியையே அரிக்கும் என்பது வெளிப்படை.

குடித்தனங்களின் கணக்கும் இவ்வாறே. 60 வாட் பழைய குண்டு விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 109 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 16 யூனிட் அளவே ஆகும். மிச்சம் 93 யூனிட். 500 வீட்டார் தலைக்கு ஒரு விளக்கை மாற்றினால், ஆண்டுக்கு 46,500 யூனிட் மிஞ்சும். மேற்கூறிய உபரியில் இது ஐந்தில் ஒரு பங்கு; இதற்குக் கடன் பத்திரம் எழுத வேண்டுவதில்லை.

ஆகவே, காற்றாலை அமைக்க விரும்பும் ஊரார் கைக்கொள்ள வேண்டிய முறை வருமாறு:

1. பொதுவிடங்களின் ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளைத் திரட்டித் தேவையைக் கணக்கிடுதல்.

2. விளக்கு, பம்பு, குழாய்க் கசிவு ஆகியவற்றைச் சீர்செய்து தேவையைக் குறைத்தல்.

3. குறித்த இடத்தில் ஓராண்டேனும் காற்றின் வேகத்தை அளந்தறிதல்.

4. வரவு, செலவு, கடன் விவரங்களைக் கிராமசபையில் வாசித்து, அதன் சம்மதம் பெற்ற பின்னரே கடன் வாங்குதல்.

இவ்வரிசை மாறின், காற்று ஓய்ந்த மாதங்களிலும் வட்டி ஓயாது.