கண் போகாது, துப்பாமல் இருங்கள்

“மேல் பல்லைப் பிடுங்காதே, கண் பார்வை போயிடும்.” மயிலாப்பூர் மாட வீதியானாலும் அடையாறு அடுக்குமாடியானாலும் பல் டாக்டரிடம் கிளம்பும்போது இதைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார்.

பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பார்வைக்கு உரியது 2-ஆவது. பல் வலியைச் சொல்வது 5-ஆவது. இந்த 5-ஆவது நரம்பு மூன்றாகப் பிரிகிறது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும், அடுத்தது மேல் பற்களுக்கும், மூன்றாவது கீழ்த் தாடைக்கும் போகிறது. மேல் பல் வலி கண்வரை தெறிப்பது இந்த உறவால்தான். வயதும் இந்தப் பயத்துக்குத் துணை போகிறது: நாற்பதைத் தாண்டும்போது கடவாய்ப்பல்லும் ஆட்டம் காணும், வெள்ளெழுத்தும் வரும். பழி பல் டாக்டர் மேல் விழுகிறது. உண்மையில், பிடுங்காமல் விட்ட சொத்தைப் பல்லின் சீழ்தான், அபூர்வமாக என்றாலும், கண்ணைச் சுற்றிப் பரவக்கூடியது.

இல்லாத ஆபத்துக்கு இவ்வளவு பயப்படுகிற நாம், இருக்கிற ஆபத்தை வாஷ்பேசினில் துப்பிக்கொண்டிருக்கிறோம்.

“ரத்தத்தைத் துப்பு, உப்புத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளி.”

முதல் நாள் இரண்டுமே கூடாது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். முழங்கால் சிராய்ப்பின் மேல் படியும் பொருக்கு போல, கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் மூடி. பல் பிடுங்கிய பிறகு சொல்லப்படும் எல்லா விதிகளும் அந்த மூடியைக் காப்பாற்றத்தான். கொஞ்சம் ரத்தம் கலந்தாலே எச்சில் முழுக்கச் சிவந்து தெரியும். பயந்து துப்புவோம், துப்பும் வேகத்தில் உறைந்தது பெயரும், மறுபடி கசியும். எச்சிலை விழுங்கிவிடுங்கள். வைத்த பஞ்சை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காமல், அரை மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்து, மெதுவாக வழியவிட்டால் போதும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா வேண்டாம். உறிஞ்சுகிற இழுப்பிலும் மூடி பெயரலாம். ஃபில்டர் காபி ஆறட்டும். சிகரெட் எல்லாவற்றையும் விட மோசம். உறிஞ்சல், சூடு இரண்டும் அதில் உண்டு. போதாததற்கு நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

மூடி போய்விட்டால் வருவது ‘ட்ரை சாக்கெட்’. கீழ் ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கு அதிகம் வரும். குறைந்துகொண்டே வரவேண்டிய வலி மூன்றாம் நாள் வாக்கில் ஏறும், காதுவரை இழுக்கும், வாய் நாறும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இதற்கு மருந்தல்ல. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்துக் கட்டவேண்டும். அப்படி வைக்கும் மருந்துகள் பலவற்றில் கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜினால் இருக்கிறது. ஆகவே பாட்டி வைத்தியம் பொய்யில்லை. ஆனால் பாட்டிலில் இருக்கும் எண்ணெயை நேராகப் புண்ணில் விட்டால் சதை வெந்துபோகும்.

“குழியில் வெள்ளையாக இருக்கிறது, சீழ் வைத்துவிட்டது. தயிரை நிறுத்து.”

ஆறுகிற புண்ணின் மேல் வெளிர் படலம் படிவது இயல்பு. அதைப் பல்குச்சியால் சுரண்டுகிறவர்கள்தான் வம்பை வாங்குகிறார்கள். தயிர் பாவம், அதற்கும் சீழுக்கும் சம்பந்தமில்லை. முதல் நாள் சாப்பாட்டுக்கு, சூடில்லாத, குழைந்த தயிர் சாதத்தை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஊறுகாய் மட்டும் வேண்டாம்.

“ரத்தம் நிற்காது, ஹார்ட் மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிடுவோம்.”

இந்தப் பட்டியலில் உயிருக்கே உலை வைக்கக்கூடியது இதுதான். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். குழியில் கசியும் ரத்தத்தைத் தையல் போட்டு, பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்த முடியும். இதயக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியை அப்படிச் சரிசெய்ய முடியாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை முன்கூட்டியே தேவைப்படும். மாத்திரைச் சீட்டை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், முடிவை டாக்டர்கள் எடுக்கட்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடும் பாட்டிகள் அதையும் மறக்காமல் சொல்லவேண்டும். சிலருக்கு அதனால் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

கன்னம் இரண்டு மூன்று நாள் வீங்குவது சகஜம். ஆனால் நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவினால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், மூச்சு திணறினால், காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கும் வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.