நின்று நின்று ஓடும் மோட்டார் சைக்கிள்: பிழையை ஒழுங்காய்த் தேடுவோம்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்தால் வருவது திரியாய். 1985 இல் வீடுகள் எரிக்கப்பட்டு ஊர் இடம்பெயர்ந்தது. அன்று தொட்டுப் பல குடும்பங்களுக்கு வீடு ஓரிடம், வயல் ஓரிடம் என்றாயிற்று. இரண்டையும் இணைப்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளே. விதைநெல்லும் உரமும் அதிலே போகின்றன. நோயாளியும் அதிலேதான் வைத்தியசாலைக்குப் போகிறார். யானை நடமாடும் பாதையில் பொழுதுபடும் வேளை அது நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

காபரேற்றர் உள்ள மோட்டார் சைக்கிள் இழுத்து இழுத்து ஓடி நிற்குமானால், காரணத்தை நாமே தேடும் முறையை இப்பாடத்தில் படிப்போம். இயந்திரத்துக்கு வேண்டியவை மூன்று: பெற்றோல், காற்று, தீப்பொறி. இம்மூன்றையும் இதே ஒழுங்கில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எதனால் சரிவந்தது என்று தெரியாது, காசும் வீண்.

எச்சரிக்கை: இயந்திரம் ஆறிய பின், வெளியிடத்தில் வேலை செய்யுங்கள். அருகில் விளக்கு, அடுப்பு, பீடி, சுருட்டு எதுவும் கூடாது.

1. எப்போது நிற்கிறது?

முதலில் இதைக் கவனியுங்கள். கைப்பிடியைத் தளரவிட்டதும் நின்று, முறுக்கினால் ஓடுகிறதா? காபரேற்றரின் சிறிய துவாரம் அடைபட்டிருக்கலாம். மூட்டையுடன் வேகமாகப் போகும்போது நிற்கிறதா? பெற்றோல் போதியளவு இறங்கவில்லை. மழையில் மட்டும் நிற்கிறதா? பிளக் மூடியையும் வயரையும் பாருங்கள். சிறிது தூரம் ஓடி நின்று, ஆறவிட்டதும் மீண்டும் ஓடுகிறதா? தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பின் நன்றாக ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

2. பெற்றோல்

காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி, கொஞ்சப் பெற்றோலை வெள்ளைப் போத்தலில் பிடியுங்கள். துளித்துளியாக விழுந்தால் வடி அடைபட்டிருக்கிறது. போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் பெற்றோலிலும் பாரமானது. இருந்தால் அடியில் தனியாக நிற்கும். துருவும் தெரியும். அப்படியானால் தாங்கியைக் கழுவி, காபரேற்றர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, உள்ளே கிடப்பதை வடித்துவிடுங்கள்.

2022 இல் பெற்றோல் தட்டுப்பட்டு, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிடப்பட்டபோது, பலர் கான்களில் சேர்த்து வைத்தார்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பசைபோலாகித் துவாரங்களை அடைத்துவிடும். அடைப்பை எடுக்கக் கம்பி விடாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். சைக்கிள் பம்பினால் காற்றடித்துப் பாருங்கள்.

3. காற்று

செம்மண் பாதையில் ஓடும் வண்டியின் காற்று வடி விரைவில் அடைபடும். ஸ்பொஞ்ச் வடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்கு உலர்த்தி, சிறிது ஒயில் தடவிப் பிழிந்து போடுங்கள். கடதாசி வடியைக் கழுவக்கூடாது; தட்டித் தூசியை அகற்றலாம், பழுதானால் மாற்றலாம். வடியில்லாமல் ஓட்டினால் மண் உள்ளே போய் இயந்திரம் தேயும். காபரேற்றரை இயந்திரத்துடன் இணைக்கும் ரப்பர் வெடித்திருந்தாலும் ஓட்டம் ஏறி இறங்கும்.

4. தீப்பொறி

பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். இளம் மண்ணிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல் அல்லது காற்றுக் குறைவு. சோக் மூடியபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயில் பிசுபிசுப்பு இருந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளையாயிருந்தால் பெற்றோல் குறைவு. இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர், வண்டியின் கைநூலில் உள்ளதே சரியான அளவு. சந்தேகமானால் நல்ல பிளக் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

5. மண்ணெண்ணெய் கலக்கலாமா?

1990 இல் வடக்கில் பொருளாதாரத் தடை வந்தபின், மக்கள் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி இயக்குவார்கள். சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது என்பதே காரணம். அது வேறு வழியில்லாத காலத்தின் கெட்டித்தனம். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கிலும் கரி பிடிக்கும். பெற்றோல் கிடைக்கும்போது கலப்பது இயந்திரத்தை நாமே அழிப்பதாகும்.

6. எங்கே நிறுத்துவது?

காபரேற்றரின் காற்றுத் திருகைத் தொடுமுன், அது முழுதாக இறுக எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப உதவும். நீலப்புகை, உள்ளே தட்டும் சத்தம், உதைக்கும்போது எதிர்ப்பில்லாமை ஆகியன கண்டால் கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள். பார்த்தவற்றைப் பாஸிடம் ஒழுங்காகச் சொல்லுங்கள். தேவையற்ற உதிரிப்பாகத்துக்குக் காசு கொடுக்க நேராது.

குழுவாகக் கலந்துரையாட:

அ. எமது கிராமத்தில் வண்டிகள் அதிகம் நிற்பது எக்காலத்தில்? ஏன்?
ஆ. பிளக் சாவி, பம்பு, ஒரு நல்ல பிளக் ஆகியவற்றைச் சங்கத்தில் பொதுவாக வைத்திருக்கலாமா?
இ. பெண்களும் இளைஞரும் இதைப் பழக ஒரு நாளை எப்போது ஒதுக்குவோம்?