நட்சத்திர ரெய்டருக்குக் கோடிகள் தகுமா?

கேள்வி: புதிய புரோ கபடி சீசனுக்கு முன் ஒரு ரெய்டரின் மதிப்பை எப்படிக் கணிப்பது? (வாசகர், வடுவூர்)

பதில்: கபடிக்குப் பேர்போன வடுவூரிலிருந்தே இந்தக் கேள்வியா!

மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். எத்தனை முறை பாடப் போனார், எத்தனை முறை மாட்டினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ‘டூ ஆர் டை’ ரெய்டு. இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இருப்பது 30 விநாடி. எதிரணி அதற்காகவே பதுங்கி நிற்கும். அங்கே தேறுபவருக்குக் கூடுதல் விலை தரலாம்.

ஆனால், முழங்காலுக்கு யார் உத்தரவாதம்? 2022 ஏலத்தில் நட்சத்திர ரெய்டர் பவன் ஷெராவத்தை ரூ. 2.26 கோடிக்கு எடுத்தது தமிழ் தலைவாஸ். முதல் ஆட்டத்திலேயே எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போய் காயம்பட்டார், சீசனே போச்சு. அதே சீசனில் புதுமுகம் நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் குவிக்க, அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

அடுத்த ஏலத்தில் ரூ. 2.6 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போன பவன் 200 புள்ளிகளைத் தாண்டினார். அணியோ 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் கடைசி இடம். மாட்டி வெளியே உட்கார்ந்த ரெய்டரை மீட்டுக் கொண்டுவர, பிடிக்கிறவர்களும் வேண்டுமே! பணப்பையைத் திறக்கும் முன், ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரர்கள் யாரென்று பார்ப்பது நல்லது.