சாரலும் நிலைமின்சாரமும்

குற்றாலத்துச் சாரல் தென்காசியை நனைக்கும் ஆனி, ஆடி மாதங்களில், காற்றின் ஈரத்தால் நிலைமின்சாரம் பொருள்களின்மேல் நெடிது தங்குவதில்லை. சாரல் ஓய்ந்து காற்று வறளுங்காலோ, நைலான் ஆடையின் உராய்வாலேயே நம் உடலில் பல்லாயிரம் வோல்ட் ஏறக்கூடும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டிற்குக் குறைந்த மின்பாய்ச்சலை நாம் உணர்வதில்லை. நுண்சில்லுகளுட் சிலவோ 100 வோல்ட்டிலேயே பழுதுறும். ஊறுபட்ட சில்லு சின்னாள் இயங்கிப் பின்னர்க் கெடுதலும் உண்டு.

ஆதலின் கைப்பேசி, கணினி முதலியவற்றைப் பழுதுபார்க்கும் மாணவர், முதற்கண் மின்னிணைப்பை நீக்கி, 1 மெகாஓம் தடையமைந்த மணிக்கட்டுப் பட்டையை எர்த்துடன் இணைத்து அணிதல் வேண்டும். கை தற்செயலாய் 230 வோல்ட் கம்பியைத் தீண்டினும், பட்டைவழிப் பாயும் மின்னோட்டத்தை அத்தடை மிகச் சிறிதாக்கும். சில்லுகளைச் சாதாரணப் பிளாஸ்டிக் பையில் வைத்தலாகாது.

சாரற்காலத்து மின்னேற்றம் குறையுமேயன்றி ஒழியாது; ஆகவே அக்காலத்தும் பட்டையைக் களையாதிருப்போமாக.